வடக்குச் சுவரில் வெயில்: கோடையில் ஆளற்ற நகரைப் படமெடுத்தல் குறித்துச் சில குறிப்புகள்

ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் தில்லிப் பல்கலைக்கழக வளாகம் ஏறக்குறைய ஆளற்றுப் போய்விடுகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் ஊர் சென்றுவிடுகின்றனர். பேராசிரியர்களில் இயன்றவர்கள் மலைப்பகுதிகளுக்கோ, பிள்ளைகள் வாழும் வெளிநாடுகளுக்கோ போய்விடுகின்றனர். ஆய்வேட்டின் இயல் ஒன்றை முடிக்கும் பொருட்டு விடுதியிலேயே தங்கிவிட்ட என்னைப் போன்ற சிலரும், காவலர்களும், தோட்டக்காரர்களும், நாய்களுமே எஞ்சுகிறோம். இந்தக் கோடையில் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து, வெயில் கடுமையாகும் முன் வளாகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தேன். அவற்றுள் ஒன்று, இன்று துணைவேந்தர் அலுவலகமாக விளங்கும் பழைய வைசிராய் மாளிகையின் படம். வெள்ளைச் சுவர், மூடிய கதவுகள், புல்வெளி. மனிதர் ஒருவரும் இல்லை. நண்பர்கள் சிலருக்கு அதை அனுப்பியபோது, இவ்வளவு அமைதியான தில்லியைத் தாங்கள் கண்டதே இல்லை என்றனர். அரிய காட்சியொன்று அகப்பட்டுவிட்டதாகவே நானும் எண்ணியிருந்தேன்.

உண்மையில் அது அரிய காட்சியன்று. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பர் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் 1929 இறுதியில் இர்வின் பிரபு ரைசினா குன்றின் புதிய மாளிகையில் குடியேறும் வரை, தில்லியில் வைசிராய்கள் தங்கிய வீடு இதுவே. ஆனால் அவர்கள் தங்கியது குளிர்காலத்தில் மட்டும். வெயில் ஏறத் தொடங்கியதும் சிம்லாவுக்குப் புறப்பட்டுவிடுவர். மழை ஓய்ந்து காற்றில் குளிர் தட்டிய பிறகே இறங்கி வருவர். ஆகவே ஜூன் மாதத்தில் இம்மாளிகையின் கதவுகள் மூடியிருப்பது, இக்கட்டடம் பிறந்த நாளிலிருந்தே அதனோடு ஒட்டிய இயல்பு. 1933இல் இது பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. சிம்லாவில் 1888இல் கட்டி முடிக்கப்பட்ட கோடை மாளிகையோ 1965 முதல் இந்திய உயராய்வு நிறுவனமாக இயங்கி வருகிறது. வைசிராயின் குளிர்கால வீடும் கோடைக்கால வீடும் கடைசியில் நம்மைப் போன்ற ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கோடை விடுமுறை என்னும் பழக்கமும் உடன் வந்துவிட்டது போலும்.

என் படத்தைப் பார்க்கப் பார்க்க வேறொரு கேள்வி எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட இந்திய நகரங்களின் ஒளிப்படங்களை நாம் அனைவரும் நூல்களிலும் ஆவணக்காப்பகங்களின் இணையத் திரட்டுகளிலும் கண்டிருக்கிறோம். கல்கத்தாவின் எஸ்பிளனேடு, தில்லியின் ஜும்மா மசூதி, லக்னோவின் இமாம்பாராக்கள், மதுரையின் மண்டபங்கள் என எதை எடுத்துக்கொண்டாலும், அவற்றில் பலவும் ஊரே எங்கோ புறப்பட்டுப் போனது போன்ற அமைதியில் உறைந்துகிடக்கின்றன. கோடையில் ஆட்சியாளர்கள் மலையேறிவிட்ட பிறகு, எஞ்சிய நகரத்தை யாரோ ஓய்வாகப் படமெடுத்துவைத்தார்கள் என்றே முதலில் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. அது தவறு என்பதையும், அத்தவறு எளிய பிழையன்று என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கோடைப் பெயர்ச்சியைப் பற்றி. ஆம்ஹர்ஸ்ட் பிரபு 1827இல் கோடையைக் கழிக்கச் சிம்லா சென்றதிலிருந்து தலைமை ஆளுநர்கள் அவ்வப்போது அங்குப் போய்வந்தனர். 1864இல் ஜான் லாரன்ஸ் அதை முறையான கோடைத் தலைநகராக்கினார். கல்கத்தாவில் ஐந்து நாளில் முடியும் வேலையைச் சிம்லாவில் ஒரே நாளில் முடித்துவிட முடியும் என்பது அவர் முன்வைத்த நியாயம். அதுமுதல் ஆண்டுதோறும் ஆயிரம் மைலுக்கு அப்பால் அரசாங்கமே பெயர்ந்தது. கோப்புகள், அச்சுக்கூடப் பொருட்கள், எழுத்தர்கள், அவர்களுடைய குடும்பங்கள், சமையற்காரர்கள், பியானோக்கள் என அனைத்தும் சமவெளியில் தொடர்வண்டியிலும், மலையடிவாரத்திலிருந்து மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் மனிதர் தோளிலும் ஏறின. கால்கா–சிம்லா இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1903 நவம்பரில்தான். மாகாண அரசுகளும் பின்தங்கவில்லை. சென்னை அரசு உதகமண்டலத்துக்கும், வங்காள அரசு டார்ஜிலிங்குக்கும், பம்பாய் அரசு மகாபலேஷ்வருக்கும் பூனாவுக்கும், ஐக்கிய மாகாண அரசு நைனிதாலுக்கும் சென்றன. கல்கத்தா வணிகர்கள் முணுமுணுத்தனர். இந்திய இதழ்கள் செலவுக் கணக்கைச் சுட்டிக் கண்டித்தன. 1921இல் சிம்லா சென்ற காந்தியடிகள், இந்த அரசு ஐந்நூறாவது மாடியில் அமர்ந்துகொண்டு ஆள்கிறது என்ற கருத்தில் எழுதினார். ஆயினும் இரண்டாம் உலகப்போர் வரை அவ்வழக்கம் நீடித்தது.

ஆக, ஆண்டின் பாதிக்கு மேல் ஆட்சியாளர்களற்ற தலைநகரம் என்ற ஒன்று இந்தியாவில் உண்மையாகவே இருந்தது. ஒளிப்படக் கலையும் அதே காலத்தில் இங்கு வளர்ந்தது. பம்பாயில் 1854இலும், சென்னையிலும் கல்கத்தாவிலும் 1856இலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆளற்ற நகரப் படங்களுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது போலிருக்கும். ஆனால் நடந்தது கிட்டத்தட்ட அதற்கு எதிர்மாறானது.

ஆளற்ற தன்மை முதலில் வேதியியலின் விளைவு. இதற்கு மூத்த சான்று இந்தியாவுக்கு வெளியே உள்ளது. 1838இல் லூயி டாகேர் தம் வீட்டுச் சன்னலிலிருந்து பாரிசின் பூல்வார் து தாம்ப்ல் தெருவைப் படமெடுத்தார். நாடகக் கொட்டகைகளும் வண்டிகளும் நிறைந்த தெரு அது. படத்தில் அத்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. தகடு ஒளியை வாங்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நடந்தவர்களும் ஓடிய குதிரைகளும் அதில் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்தவருமே தெளிவாக எஞ்சினர். 1839இல் அப்படத்தை நேரில் கண்ட சாமுவேல் மோர்ஸ் தம் கடிதத்தில் வியந்து குறிப்பிட்டதும் இதைத்தான். அங்கு ஊரும் இருந்தது, மக்களும் இருந்தனர். அசையாமல் நின்றவர்கள் மட்டுமே படத்தில் குடியுரிமை பெற்றனர்.

இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1850களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் ஃபீபிக் கல்கத்தாவைக் காகித எதிர்ப்படிவங்களில் எடுத்து, அச்சுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். அவருடைய படங்களில் ஏறத்தாழ 500ஐக் கிழக்கிந்தியக் கும்பினி 1856இல் விலைக்கு வாங்கியது. அவற்றில் காணப்படும் கல்கத்தா, ஓவியக் கனவு போன்ற ஒரு துறைமுக நகரம். அதன் சுமைகூலிகளும் பல்லக்குத் தூக்கிகளும் பெரும்பாலும் மங்கலாகவோ முற்றிலுமாகவோ மறைந்துவிட்டனர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858இன் முதல் மாதங்களில் திருவரங்கம், மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களைப் பெரிய காகித எதிர்ப்படிவங்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கியவர் அவர். கல்வெட்டு அசையாது, ஆகவே அது அழகாகப் பதிந்தது. மதுரைக் கோயிலின் மண்டபங்களோ மனித வாடையே இல்லாமல் பதிந்தன. மதுரையில் ஆளற்ற நாள் என்று ஒன்று இருந்ததுண்டா என்பதை அவ்வூர்க்காரர்களே சொல்லட்டும்.

ஒளி பதியும் நேரம் இவ்வளவு நீண்டது என்பது ஒளிப்பட வரலாறு படித்த எவருக்கும் தெரிந்ததுதான். அதிகம் கவனிக்கப்படாதது பருவம். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே 1850களின் பிற்பகுதி முதல் 1880 வரை இந்தியத் தொழில்முறைக் கலைஞர்களின் வழி. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியனைப் பரப்பி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, காய்வதற்குள்ளேயே கூடாரத்துக்குள் சென்று உருத்துலக்க வேண்டும். அனைத்தும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். கொலோடியன் என்பது வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தது. ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். தில்லியின் மே மாதப் பிற்பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். எளிமையாகச் சொன்னால், தில்லியின் கோடையில் கொலோடியன் பரப்புவது என்பது, கொதிக்கும் நிலையிலுள்ள ஒரு திரவத்தைக் கண்ணாடியின்மேல் சீராகப் பரப்ப முயல்வதற்கு ஒப்பாகும். லூ எனப்படும் அனல்காற்று கொண்டுவரும் புழுதி ஈரத் தகட்டில் ஒட்டும். காற்று மூடிய இருட்டுக் கூடாரத்துக்குள் ஈதர் ஆவியோடு நிற்க வேண்டிய மனிதரின் நிலையைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

எனவே ஒளிப்படக்காரர்களும் மலையேறினர். அதற்கு வேதியியல் மட்டும் காரணமன்று, வாடிக்கையாளர்களும் அங்குதான் இருந்தனர். 1863இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்திறங்கிய சாமுவேல் போர்ன், அந்நகரில் நிலைகொள்ளாமல் சிம்லா சென்று அங்கே கூட்டாகத் தொழில் தொடங்கினார். போர்ன் அண்டு ஷெப்பர்டு என்று பின்னர் புகழ்பெற்ற அந்நிறுவனத்தின் கல்கத்தாக் கிளை சில ஆண்டுகள் கழித்தே திறக்கப்பட்டது. 2016இல் கதவடைத்ததும் அக்கிளைதான். போர்னின் பெரும் இமயமலைப் பயணங்கள் 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளின் கோடையையும் மழைக்காலத்தையும் தழுவியவை. பல பத்துச் சுமைகூலிகள் கண்ணாடித் தகடுகளையும் வேதிப்பொருட்களையும் சுமந்தனர். சமவெளி நகரங்களின் கோயில்களையும் மசூதிகளையும் கோட்டைகளையும் எடுப்பது குளிர்கால வேலை. கோடையில் மலை, குளிரில் சமவெளி என்பதே அக்காலத் தொழில்முறைக் கலைஞரின் ஆண்டுச் சுழற்சி. வைசிராயின் நாட்காட்டியும் அதுவேதான்.

இதன் விளைவு விந்தையானது. ஆட்சியாளர்கள் உண்மையிலேயே ஊரில் இல்லாத கோடை மாதங்களில் அந்நகரைப் படமெடுக்க அங்கு யாரும் இல்லை. நாம் பார்க்கும் வெறிச்சோடிய கல்கத்தாவும் வெறிச்சோடிய தில்லியும் பெரும்பகுதி குளிர்கால நகரங்கள். அதாவது அனைவரும் ஊரில் இருந்த மாதங்களின் நகரங்கள். நெரிசல் மிகுந்த பருவத்தை அமைதியான நகரமாகவும், அமைதியான பருவத்தை வெற்றிடமாகவும் அந்த ஆவணம் நமக்குக் கையளித்திருக்கிறது.

இதைப் படத்தைக் கொண்டே சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதற்கு நிழலைப் படிக்கத் தெரிந்தால் போதும். தில்லி ஏறத்தாழ 28.6 பாகை வடக்கு அட்சத்தில் உள்ளது. ஜூன் நடுவில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். பத்து மீட்டர் உயரச் சுவரின் நிழல் அப்போது ஒரு மீட்டரைக்கூட எட்டாது. டிசம்பர் நடுவிலோ அதே சுவரின் நண்பகல் நிழல் 12 மீட்டரைத் தாண்டி வடக்கே நீளும். காலையிலும் மாலையிலும் எந்தப் பருவத்திலும் நிழல் நீளமாகவே விழும் என்பதால் நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. திசையையும் பார்க்க வேண்டும். தில்லியில் வடக்கு நோக்கிய சுவரின்மேல் நேர் வெயில் விழுவது மார்ச் பிற்பகுதிக்கும் செப்டம்பர் பிற்பகுதிக்கும் இடையில் மட்டுமே. அம்மாதங்களில் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுந்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. குளிர்காலத்தில் வடக்குச் சுவர் நாள் முழுதும் நிழலிலேயே கிடக்கும். ஆகவே கட்டடத்தின் திசை நமக்குத் தெரிந்திருந்தால், வடக்குச் சுவரில் வெயில் படிந்த படம் கோடைப் பாதியில் எடுக்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இந்தியக் கட்டடங்களில் பல திசை பிசகாமல் கட்டப்பட்டவை என்பது நமக்கு வசதி. மசூதிகளின் தொழுகைச் சுவர் மேற்கில். கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை. ஒளிப்படத் தொகுதிகளில் ஆண்டு எழுதப்பட்டிருக்கும், மாதம் பெரும்பாலும் இருக்காது. மாதத்தைச் சுவரிடம் கேட்டுப் பெறலாம் என்பதை இளம் ஆய்வாளர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கல்கத்தாவைப் படிப்போர் மட்டும் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். அந்நகரம் கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், ஜூனில் சில வாரங்கள் நண்பகலிலும் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்.

இந்தச் சோதனை ஏன் வெறும் நுணுக்கமன்று என்பதற்கு 1858ஆம் ஆண்டுத் தில்லி சான்று. அவ்வாண்டின் படங்கள் சிலவற்றை நாம் மேற்சொன்ன விளக்கத்தால் கடந்துபோக முடியாது. அங்கே நகரம் உண்மையாகவே காலியாக்கப்பட்டிருந்தது. 1857 செப்டம்பரில் ஆங்கிலப் படை தில்லியைத் திரும்பக் கைப்பற்றியபின் நகரவாசிகள் மதில்களுக்கு வெளியே விரட்டப்பட்டனர். குதுப்மினார்ப் பக்கத்திலும் நிஜாமுத்தீனிலும் இடிந்த கல்லறைக் கட்டடங்களிலும் அவர்கள் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தனர். இந்துக்கள் 1858 முதல் படிப்படியாகத் திரும்ப அனுமதிக்கப்பட்டனர்; முஸ்லிம்கள் அதற்குப் பிறகும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. பல்லிமாரானில் தம் வீட்டிலேயே தங்கிவிட்ட கவிஞர் மிர்சா காலிப், அண்டையில் விளக்கு எரியாத தெருக்களையும் உயிரிழந்த நண்பர்களையும் பற்றித் தம் கடிதங்களிலும், 1858இல் ஆக்ராவில் அச்சான ‘தஸ்தம்பு’ என்னும் பாரசீக உரைநடை நூலிலும் எழுதினார். செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையிலிருந்த குடியிருப்புகள் பின்னர் இடித்து நிரவப்பட்டன.

அந்த ஆண்டில்தான் ஹாரியட் டைட்லரும் அவர் கணவர் ராபர்ட் டைட்லரும் தில்லியைப் பெரிய காகித எதிர்ப்படிவங்களில் படமெடுத்தனர். முற்றுகையின்போது படைமுகாமில் ஒரு மாட்டு வண்டிக்குள் பிள்ளை பெற்றவர் ஹாரியட். முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லக்கூடிய காகித எதிர்ப்படிவம், ஈரக் கொலோடியனைப் போல வெப்பத்துக்கு அஞ்சவில்லை. அதே ஆண்டில் லக்னோவில் ஃபெலிச்சே பியாட்டோ சிக்கந்தர் பாக்கைப் படமெடுத்தார். சண்டை நடந்து மாதங்கள் பல கழிந்திருந்தன. படத்தின் முற்றத்திலோ எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. படத்துக்காகவே அவை அங்கே பரப்பப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆட்கள் காணாமற்போவது மட்டுமன்றி, தேவைப்பட்டால் இறந்தவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர முடிந்தது என்பதை அப்படம் காட்டுகிறது.

இப்போது இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று 1858இன் தில்லி, மற்றொன்று 1860களின் நடுவிலான தில்லி. இரண்டிலும் சாந்தினி சௌக்கிற்கு அருகே ஒரு வெளி, இரண்டிலும் ஆளில்லை. முன்னதில் மக்கள் துரத்தப்பட்டிருந்தனர். பின்னதில் அவர்கள் நடந்துகொண்டிருந்தனர். காகிதத்தின் மேல் இவ்விரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியாது. அழகிய பழந்தில்லி என்ற தலைப்பில் இவ்விரு வகைப் படங்களையும் ஒரே நாட்காட்டியில் அச்சிட்டு நம் சுவர்களில் மாட்டிக்கொள்கிறோம். நாராயணி குப்தாவின் ‘இரு பேரரசுகளுக்கிடையே தில்லி’ (1981) போன்ற நூல்களைப் படித்தவர்களுக்கு 1858இன் வெறுமை என்னவென்று தெரியும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதைச் சொல்ல யாருமில்லை.

தலைநகர் தில்லிக்கு வந்தபின் நிலைமை இன்னும் நுட்பமாகிறது. கோடையில் தில்லி காலியாகிவிட்டது என்பது அக்கால ஆங்கில எழுத்துகளில் ஆண்டுதோறும் வரும் வாசகம். 1911 கணக்கெடுப்பின்படி தில்லி நகரின் மக்கள்தொகை 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். சிம்லாவுக்குப் போனவர்கள் அதில் மிகச் சிறிய பங்கினர். எஞ்சியோர் எங்கும் போகவில்லை. கடைகள் திறந்திருந்தன, பீர்க்கங்காயும் தர்பூசணியும் யமுனைப் படுகையிலிருந்து வந்தன, நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டிகள் சன்னல்களில் தொங்கின, பழைய மாளிகைகளில் நிலவறைகள் பகல் உறக்கத்துக்குத் திறந்துவிடப்பட்டன. மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை தெருவில் ஆளிருக்காது. இரவு பத்து மணிக்கு மொட்டைமாடிகளில் ஒரு முழு ஊரும் இருக்கும். கோடைத் தில்லியின் அமைதி சில மணி நேரங்களுக்கு உரியது. அதை ஆறு மாதங்களுக்கு நீட்டியது, யாரை நகரவாசி என்று எண்ணுவது என்ற கணக்கு.

அக்கணக்கின் மறுபக்கம் சிம்லாவில் தெரிகிறது. இந்தியாவின் பத்தாண்டுக் கணக்கெடுப்புகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்தன; அப்போது சிம்லாவில் கூட்டம் மிகக் குறைவு. 1901 கணக்கில் அதன் மக்கள்தொகை 15 ஆயிரத்துக்கும் குறைவு. 1904 ஜூலையில் நகராட்சி தனியாக எண்ணியபோது அது 35 ஆயிரத்தைத் தாண்டியது. ஒரே ஊருக்கு இரண்டு மக்கள்தொகை. கோடையில் கூடிய இருபதாயிரம் பேரில் வெள்ளை அதிகாரிகள் சிறுபான்மையே; ரிக்‌ஷா இழுப்போரும், சுமைகூலிகளும், சமையற்காரர்களும், கடைக்காரர்களும், எழுத்தர்களுமே மிகுதி. மால் சாலையின் ஓய்வான மாலைப்பொழுதைக் காட்டும் படங்களுக்குக் கீழே, சரிவுகளில் நெருக்கியடித்த இன்னொரு சிம்லா இருந்தது. அங்கே ஒருவருடைய விடுமுறை மற்றவருடைய வேலைப்பருவம்.

மலையேறாத ஒரு கோடைப் பெயர்ச்சியும் இதே ஆண்டுகளில் நடந்துவந்தது. அதற்கு ஒளிப்படக்காரர் எவரும் இல்லை. பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் கொங்கணக் கரையின் ரத்னகிரி முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் ஊர் திரும்பினர். திருமணங்கள் அப்போதுதான், மாம்பழம் அப்போதுதான், கூரை வேய்வதும், முதல் மழைக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவதும் அப்போதுதான். பருவமழை தொடங்கிவிட்டால் கரையோர நீராவிக் கப்பல்கள் நின்றுவிடும் என்பதால் தேதிகளும் கறாரானவை. ஆலை முதலாளிகள் இதனை வருகைக்குறைவு என்ற பெயரில் ஆண்டுதோறும் குறைகூறினர். 1931இல் அறிக்கை அளித்த ராயல் தொழிலாளர் ஆணையம், தொழிலாளிக்குக் கிராமத்தோடு உள்ள பிணைப்பைப் பற்றி நீளமாக விவாதித்தது. ராஜ்நாராயண் சந்தவர்க்கரின் ஆய்வுகள், அப்பிணைப்பு நாட்டுப்புறப் பழமையின் எச்சமன்று, நகரத்தின் குறைந்த கூலியையும் நிலையற்ற வேலையையும் தாங்குவதற்கான ஏற்பாடு என்று விளக்கின. வைசிராய் மலைக்குப் போனால் அது அரசுப் பணி. நெசவாளி ஊருக்குப் போனால் அது ஒழுங்கீனம். கிர்காவின் சாலில், பத்துப் பேர் முறைவைத்துத் தூங்கும் அறை மே மாதத்தில் இருவர் காலை நீட்டிப் படுக்கும் அறையாக மாறிய அந்த அமைதியை ஒருவரும் படமெடுத்துவைக்கவில்லை.

1880களில் உலர்தகடுகள் பரவியதும் தொழில்நுட்பத் தடை நீங்கியது. ஆயத்தமாக வாங்கிய தகட்டைக் கோடையிலும் எடுத்துச் செல்லலாம். ஒளி பதியும் நேரம் ஒரு நொடியின் சிறு பகுதியாகச் சுருங்கியது. 1888இல் கோடக் கேமரா வந்தபின் மக்களும் மாடுகளும் டிராம் வண்டிகளும் படத்துக்குள் புகுந்தன. வெறிச்சோடிய இந்திய நகரம் திடீரென நிரம்பி வழிந்தது போன்ற தோற்றம் இதனால்தான். கீழைநாட்டு நெரிசல் என்று பின்னர் அஞ்சலட்டைகளில் விற்கப்பட்டதும், அதற்கு முன்பு கீழைநாட்டு அமைதி என்று விற்கப்பட்டதும் ஒரே தெருதான். இடையில் மாறியது தகடு.

மறுபடியும் என் படத்துக்கு வருகிறேன். வடக்கு நோக்கிய பக்கச் சுவரில் ஆறு மணி வெயில் சாய்வாக விழுந்திருக்கிறது. நூறாண்டு கழித்து யாரேனும் பார்த்தால் அது கோடைப் பாதி என்று அறிந்துகொள்வார். கைப்பேசி ஒரு நொடியில் சில நூற்றில் ஒரு பங்கு நேரமே கண் திறந்தது. ஆகவே நடந்துபோன ஒருவரும் அதில் மறைந்துபோக வழியில்லை. ஆனால் கைப்பேசியின் சேமிப்பில் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றன. முதல் நான்கில் புல்வெளியின் இடப்புறம் ஒரு தோட்டக்காரர் நீர்க்குழாயை இழுத்துக்கொண்டு நிற்கிறார். கிழக்கு உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தவர். கோடையில் செடி காய்ந்துவிடும் என்பதால் அவருக்கு ஊருக்குப் போக விடுப்பு கிடைப்பது தீபாவளிக்குப் பிறகுதான் என்று முன்பொரு நாள் சொல்லியிருந்தார். ஐந்தாவது படத்தில் அவர் இல்லை. அவர் தூணுக்குப் பின்னால் போகும் வரை கேமராவைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். நண்பர்களுக்கு அனுப்பியது அந்த ஐந்தாவது படம். இந்தப் பதிவோடு முதல் படத்தை இணைத்திருக்கிறேன்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பாட்டனாரோ நடுவண் அரசில் எழுத்தராக இருந்து, கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்குமாகக் குடும்பத்தோடு பெயர்ந்தவராக இருந்தால், அல்லது அப்படிப் பெயராமல் மே, ஜூன் மாதங்களில் தில்லி, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களிலேயே தங்கியவராக இருந்தால், வீட்டு ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோடைத் தேதியிட்ட தெருப்படம், மொட்டைமாடிப் படம், வெட்டிவேர்த் தட்டிக்கு முன் எடுத்த குடும்பப் படம் என எது கிடைத்தாலும் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீடு எந்தத் திசை நோக்கியது என்று மட்டும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.